மூன்று சிறகி

அந்த நாய்க்குட்டியை நான் கேட்டு வாங்கவில்லை. துரை தாமாகக் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் நான்தான் பல்லை இளித்துக்கொண்டு கேட்டு வாங்கி வந்தேன் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. பூந்தமல்லியில் மசூதித் தெரு மூலையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. பூட்டு, தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு, துப்பாக்கி, எது கெட்டுப்போனாலும் என்னிடம் வரும். துப்பாக்கி கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் துரைமார். அவர்களில் ஒருவர்தான் இந்தத் துரை; அவருக்குப் பட்டணத்தில் ஏதோ கம்பெனியில் பெரிய உத்தியோகம். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் விசையை ஒருமுறை சரிசெய்து கொடுத்தேன். அதிலிருந்து, மழை முடிந்து ஏரிகளில் பறவை இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். செம்பரம்பாக்கத்தில் எந்த மூலையில் சிறகி இறங்கும், திருமுல்லைவாயில் பக்கம் எந்த வயலில் உள்ளான் குருவி மேயும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்கும் லைசென்ஸ் உண்டு, பழைய துப்பாக்கி ஒன்றும் உண்டு. துரை வராத நாட்களில் தனியாகவும் போவேன்.

தனியாகப் போவதில் ஒரு சங்கடம் இருந்தது. சிறகி என்பது சின்ன வாத்து. துப்பாக்கி ரவை பட்டால் நாணலுக்குள் விழுந்துவிடும். ரவையிலேயே செத்த பறவை எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தாக வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நான் தட்டுத் தடுமாறித் தேடி எடுப்பதற்குள் பாதிக்கு மேல் உயிரை விட்டிருக்கும். அவற்றைத் துரையிடமோ, ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த என் சிநேகிதரான ஒரு குடியானவரிடமோ கொடுத்துவிட்டு, ஈரத் துணியோடு வெறுங்கையாக வீட்டுக்கு வருவேன். வெட்டி வேலை.

இதைப் பார்த்துத்தான் துரை குட்டியைக் கொடுத்தார். சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அவருடைய பெட்டை எட்டுக் குட்டி போட்டிருந்தது. ரிட்ரீவர் என்று ஜாதி. சுட்ட பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுப்பதற்கென்றே பிறந்த ஜாதி என்றார். கறுப்புக் குட்டி, காது தொங்கல், பாதம் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிது. சாக்குப் பையில் வைத்து ஜட்காவில் கொண்டுவந்தேன். வழியெல்லாம் என் விரலைச் சப்பிக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் என் மனைவி குறுக்கே நின்றாள்.

"இன்னாங்க அது?"

"வேட்ட நாய்."

"நாய் கீற ஊட்டுக்கு மலக்கு வராது. தெரியுமில்ல? மலக்கு வராத ஊட்ல நான் இருக்க மாட்டேன்."

மலக்கு என்றால் வானவர்கள். அவர்கள் வராத வீட்டில் பரக்கத்து என்கிற இறையருளும் தங்காது. அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் வேட்டை நாய்க்கு விலக்கு உண்டு என்று எனக்குக் கேள்வி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. குட்டியைக் கிணற்றடியில் கட்டிவிட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"வேட்டைக்கோ, ஆட்டு மந்தைக்கோ, பயிர்க் காவலுக்கோ வளத்தா தடையில்ல. சும்மா கொஞ்சறதுக்கு வளத்தா கூடாது. வேட்டை நாய்னா பழகின நாயா இருக்கணும். அனுப்புனா போவணும், கூப்ட்டா வரணும், புடிச்சத தான் துன்னாம எஜமானுக்குக் குடுக்கணும். மூணு தடவ அப்படிச் செஞ்சா, அது பழகின நாய்."

நான் இதை அப்படியே வந்து சொன்னேன். என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. மூணு சிறகி. வர்ற வருசம் நோம்புப் பொறை தெரியறதுக்குள்ள மூணு சிறகிய உசுரோட கொண்டாந்து உங்க கையில குடுக்கட்டும். குடுத்துச்சுன்னா வேட்ட நாயி, இங்கயே கெடக்கட்டும். இல்லன்னா தொரை ஊட்டுக்கே போவட்டும். அதுவரிக்கும் வாசப்படி தாண்டக் கூடாது."

அது பங்குனி மாதம். நோன்புக்குப் பத்து மாதத்துக்கு மேல் இருந்தது. ஜாதி நாய்க்கு மூன்று பறவை ஒரு பெரிய காரியமா என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

துரை எனக்கு மூன்று விதி சொல்லியிருந்தார். ஒரு காரியத்துக்கு ஒரே சொல். அடிக்கக் கூடாது. கோபமாக இருக்கும்போது கூப்பிடவே கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். என் கோபம் தெருவுக்கே தெரியும். பேரம் பேசிய ஒருவருடைய பூட்டை அவர் தலைக்கு மேலாக வீசியெறிந்தவன் நான். குட்டி என் செருப்பைக் கடித்து நாராக்கிய அன்று பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு இரும்புத் துண்டைக் கை வலிக்கிற மட்டும் அடித்தேன். அதன்பிறகு வெளியே வந்து கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

முதல் பாடம் குந்துவது. மண் சட்டியில் சோற்றைப் பிசைந்து அதன் மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்து "குந்து" என்பேன். தலையை அண்ணாந்து பார்க்கப் பார்க்கப் பின்புறம் தானாகத் தரையில் பட்டுவிடும். பட்டதும் சட்டியை வைப்பேன். நாலே நாளில் சட்டியைப் பார்த்தாலே குந்தியது. பிறகு விசில். பட்டறைத் தகரத்தில் நானே ஒன்று செய்துகொண்டேன். ஒரு நீள ஊதலுக்கு நிற்க வேண்டும், இரண்டு குட்டை ஊதலுக்கு வர வேண்டும்.

அடுத்து எடுத்துவருவது. பழைய காலுறையில் தேங்காய் நார் அடைத்துக் கட்டி எறிவேன். "எடு" என்றால் ஓடிப்போய் எடுக்கும். "குடு" என்றால் கையில் வைக்கும். எடுப்பது அதற்குப் பிறவியிலேயே வந்தது. கொடுப்பதுதான் பாடம். முதலில் காலுறையோடு கிணற்றைச் சுற்றி ஓடும். நான் பின்னால் துரத்தினால் அதற்கு விளையாட்டு. துரத்தாமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். என்னை விட்டுவிட்டுப் போகிறானே என்று தானே பின்னால் ஓடிவந்து கொடுத்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ரொம்பப் பெருமை. தெருவில் நாலு பேரிடம் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

வாய் மெத்தென்று இருக்க வேண்டும், பல் பதியக் கூடாது. அதற்குக் கோழி முட்டை. முட்டையை உடைக்காமல் கவ்விக் கொண்டுவந்து கொடுக்கப் பழக்கினேன். முதல் வாரத்தில் ஐந்து முட்டை போயிற்று. ஆறாவது முட்டை முழுசாக வந்தது.

"கோழி இட்ட முட்டைய நாய் வாயில குடுத்து வாங்கிகினு நிக்கிறீங்க. அத யாரு துன்றது?" என்றாள் என் மனைவி.

அந்த முட்டைகளைக் கொல்லையில் புதைத்தேன். புதைத்த இடத்தில் அவள் சாம்பலைக் கொட்டினாள்.

வெடிச்சத்தம் பழக, சோறு வைக்கும்போதெல்லாம் தகரத்தைத் தட்டினேன். பிறகு சோற்று நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு வெடி, அப்புறம் கிட்டத்தில். சத்தம் கேட்டால் சோறு என்று அது தெரிந்துகொண்டது. ஆடி மாதம் ஏரி வற்றிக் கிடந்தபோது முழங்கால் தண்ணீரில் இறக்கினேன். முதலில் ஓரத்தில் நின்று அழுதது. நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டுத் தொப்பென்று விழுந்து நீந்தி வந்தது. அதற்கப்புறம் தண்ணீரை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் வேலையாகப் போயிற்று. காலுறையின் மேல் சிறகியின் இறகைக் கட்டி நாணலுக்குள் எறிந்தால் மூக்காலேயே தேடி எடுத்தது. குடியானவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "நம்ம புள்ளைங்க சொன்ன பேச்ச கேக்கறதில்ல பாய். இது இன்னாமா கேக்குது பாரு" என்பார்.

கார்த்திகைக் கடைசியில் முதல் வேட்டை. விடிந்து வெயில் ஏறும் நேரம். ஏரியின் மேலண்டை மூலையில் ஏழெட்டுச் சிறகி எழும்பின. ஒன்று சிறகில் பட்டு நாணலுக்குள் விழுந்தது. "எடு" என்றேன். கறுப்புத் தலை தண்ணீரில் நேராகப் போயிற்று. நாணல் ஆடியது. பிறகு திரும்பி வருவது தெரிந்தது. வாயில் பறவை. பறவையின் தலை நிமிர்ந்திருந்தது, கண் விழித்திருந்தது. நாய் கரையேறி என் முன்னால் குந்தி, கைக்குள் வைத்தது. ஒரு பல் பதியவில்லை.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று அங்கேயே அறுத்தேன். பறவை என் கையில் கொஞ்ச நேரம் துடித்து அடங்கியது. நாய் என் முழங்காலுக்குப் பக்கத்தில் குந்தியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து "ஒண்ணு" என்று விரலைக் காட்டினேன். என் மனைவி பறவையை வாங்கி, நாய் வாய் பட்டதற்காக ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது. அதையும் உயிரோடு கொண்டுவந்தது. ஆனால் கையில் வைக்காமல் ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கியது. ஈரத்தை உதறத்தான் அப்படிச் செய்கிறது என்று நினைத்தேன். குனிந்து எடுத்து, அதே இடத்தில் அறுத்தேன். வீட்டில் இரண்டு விரலைக் காட்டினேன்.

மூன்றாவதில் வந்தது வினை. மார்கழி மாதம், நல்ல பறவை. நாய் எடுத்துக்கொண்டு கரையேறியது. எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. குந்தியது. பறவை வாயில் இருக்கிறது. "குடு" என்றேன். வாலை ஆட்டியது, வரவில்லை. இரண்டு குட்டை ஊதல் ஊதினேன். காதைத் தூக்கியது, வரவில்லை. எதிர்ப்பக்கம் நடந்து பார்த்தேன். பின்னாலேயே வந்தது, அதே பத்தடியில். கடைசியில் நான் பாய்ந்து போனேன். பறவையைப் போட்டுவிட்டு ஓடியது. சிறகியோ தத்தித் தத்தித் தண்ணீருக்குள் போய் மறைந்தது.

குடியானவர் வரப்பிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா பாய், மாப்ள முறுக்கிக்கினு குந்திக்கீறாரு. மோதரம் கேக்கறாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து ஆறேழு முறை போயிருப்பேன். உயிருள்ள பறவை என்றால் பத்தடியில் குந்திவிடும். செத்த பறவை என்றால் நேராக வந்து கையில் வைத்துவிடும். செத்ததை அறுக்க வேண்டியதில்லையே, வாங்கிக் குடியானவரிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் செத்தது கணக்கில் சேராது. உயிருள்ள பறவை கொத்துகிறது, அதற்குப் பயப்படுகிறது என்று முடிவு செய்தேன். சந்தையில் ஒரு புறா வாங்கி, சிறகைக் கட்டிக் கொல்லையில் விட்டேன். புறாவை உயிரோடு கவ்விக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தது. ஒன்பது தரம் செய்தது. மறுநாள் ஏரிக்கரையில் சிறகியைக் கவ்விக்கொண்டு பத்தடியில் குந்தியது. சரி, வாத்து வாசனை பிடிக்கவில்லை என்றேன். அப்புறம் பனிக்காற்று என்றேன். அப்புறம் கரையில் நின்று வேடிக்கை பார்த்து வாயைக் கொடுக்கும் குடியானவரால்தான் கெட்டது என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கண்ணு பட்டுகிச்சு பாய்" என்று மிளகாயும் உப்பும் எடுத்துவந்து நாயைச் சுற்றினார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன். நாய் இரண்டு தும்மல் போட்டது.

தை கடைசியில், நாளைக்குப் பிறை தெரியலாம் என்ற நிலையில், கடைசியாகப் போனேன். அன்று சுட்ட சிறகிக்குக் காயம் அதிகம். நாய் எடுத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் குந்தியது. நான் மண்டியிட்டேன். இரண்டு கையையும் நீட்டி, கெஞ்சாத குறையாக, "குடுடா, குடுடா" என்றேன். என் வாழ்நாளில் மனிதர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. ஒரு முழம் நகர்ந்தால் அது ஒரு முழம் பின்னால் போயிற்று. பறவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நாயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முழங்கால் மரத்துப்போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பறவையின் கழுத்து சாய்ந்து தொங்கியது. நாய் அதைத் தரையில் வைத்து முகர்ந்து பார்த்தது. மறுபடி கவ்விக்கொண்டு எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே நேராக வந்து, செத்த பறவையை என் கையில் வைத்தது.

பறவையை ஏரிக்குள் வீசினேன். நாய் அதையும் போய் எடுத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் பொய் சொல்லலாம் என்று வழியில் நினைத்தேன். ஏரிக்கரையில் அவளா வந்து பார்த்தாள்? மூன்று விரலைக் காட்டிவிட்டால் முடிந்தது. அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாச்சு?"

"குடுக்கல" என்றேன்.

அன்று நாய்ச் சட்டியில் சோறு நிறைய இருந்தது, எலும்பும் போட்டிருந்தாள். மறுநாள் காலையில் ஜட்கா வைத்து நாயைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்த் துரையிடம் விட்டேன். செத்ததை மட்டும் கொடுக்கிறது, உயிருள்ளதைக் கொடுக்க மாட்டேன் என்கிறது, கெட்டுப்போன நாய் என்று சொன்னேன். துரை சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். நோன்பு மாதம் முழுவதும் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. நோன்பின் அசதி என்று தெருவில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து துரை ஆள் அனுப்பினார். பறவைகள் வடக்கே திரும்புவதற்குள் அம்பத்தூர் ஏரியில் ஒரு கடைசி வேட்டை. துரைசானியும் வந்திருந்தாள், நாயும் வந்திருந்தது. என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே வாலை ஆட்டியது. துரை "குந்து" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் பட்ட பாட்டை இங்கே எழுதி மாளாது. ஆனால் நாய் குந்தியது. நான் பழக்கிய சொல்லையெல்லாம் துரை ஒரு சீட்டில் எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் வெடிக்கே ஒரு சிறகி சிறகொடிந்து விழுந்தது. நாய் போயிற்று, எடுத்தது, திரும்பியது. இதோ நிற்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. நேராக வந்து, துரையின் காலடியில் குந்தி, உயிருள்ள பறவையை அவர் கையில் வைத்தது. துரை அதன் தலையைத் தடவிக்கொண்டே பறவையைப் பின்னால் நின்ற என்னிடம் நீட்டினார். துரைசானி ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவாள். அவள் வரும் நாட்களில் கரைக்கு அந்தப் பக்கம் போய் அறுப்பதுதான் வழக்கம். அப்படியே போய் அறுத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று ஐந்து பறவை. ஐந்தும் உயிரோடு, ஐந்தும் துரையின் கையில். சோறு போட்டவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் ஒருவன்.

இரண்டு சிறகியை எனக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவற்றைக் கிணற்றடியில் போட்டேன். என் மனைவி இறகு பிடுங்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். வெள்ளைக்காரனைக் கண்டதும் நாய்க்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இறகு பிடுங்கினாள்.

"இத எங்க வச்சி அறுத்தீங்க?"

"கரைக்கு அந்தாண்ட."

"ஏன் அந்தாண்ட?"

"தொரசானி பாத்தா மயக்கம் போட்டுடும். அதான்."

"நம்ம நாய் கொண்டாந்தத எங்க அறுத்தீங்க?"

"அங்கியே."

அவள் கை நின்றது.

"அது பாக்கவேவா?"

நான் கிணற்றடி வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஒரு கோழி பாக்க இன்னொரு கோழிய அறுக்கக் கூடாதுன்னு கூண்ட சாக்கு போட்டு மூடுறீங்க. ஆட்டு கண்ணுல கத்தி படக் கூடாதுன்னு பக்ரீதுக்கு என்கிட்ட சண்ட புடிக்கிறீங்க. தொரசானி பாக்கக் கூடாதுன்னு கரை ஏறி எறங்குறீங்க. அது மட்டும் பாத்தா பரவாயில்லையா? அதுக்கு இன்னா தெரியும்? கொண்டுபோயி குடுத்தா இவரு அறுத்துடுவாருன்னுதான் தெரியும்."

அந்த முறைகள் எல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றையும் நான் மீறியவனில்லை. அறுபடப்போகிற பிராணியின் கண்ணுக்குத்தான் மறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நாய் அறுபடப்போவதில்லை. அதனால் அதற்குக் கண் இருப்பதையே நான் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடைசி நாளில் அது பறவையைக் கவ்விக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அவள் மறுபடி இறகு பிடுங்க ஆரம்பித்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"போயி கேளுங்க. கொண்டாந்துடுங்க. இனிமே கரைக்கு அந்தாண்ட போயி அறுங்க."

"மூணு ஆவலியே."

"குடுத்துச்சே, தொரைக்கு அஞ்சு. போங்க."

அடுத்த ஞாயிறு பட்டணத்துக்குப் போனேன். துரை பங்களாத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாய் சற்றுத் தள்ளி நிழலில் படுத்திருந்தது. நாயைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்டேன். இப்படி என் மூஞ்சிக்கு நேரே ஒருவன் கேட்டிருந்தால் விரட்டியிருப்பேன். துரை நியாயஸ்தர், அதையும் சொல்ல வேண்டும். நீ கூப்பிடு, உன்னிடம் வந்தால் கூட்டிக்கொண்டு போ என்றார்.

தகர விசிலை எடுத்து இரண்டு குட்டை ஊதல் ஊதினேன். நாய் துள்ளி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு புல்தரையில் ஓடிவந்தது. பத்தடி தூரத்தில் நின்றது. குந்தியது.

அதன் வாயில் ஒன்றுமில்லை. என் இடுப்பில் கத்தியும் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கையைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. வால் மட்டும் புல்லில் அசைந்துகொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அது எழுந்து, திரும்பி, துரையின் நாற்காலிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

இதை நீ என்ன செய்தாய் என்று துரை கேட்டார்.

ஒன்றும் செய்யவில்லை, ஒரு நாளும் அதை அடித்ததுகூட இல்லை என்று சொன்னேன். அது உண்மை.